மூன்று கடை, ஒரு கடவுச்சொல்

“அந்தோணி பாத்தப்ப நல்லாத்தான் ஓடுச்சு. நீங்க கைய வச்ச அன்னிக்கே கேலாங் கடை படுத்துக்கிச்சு. உங்க வீட்டுக்காரர் எப்பம்மா எந்திரிச்சு நடப்பாரு?” என்று கல்லாவுக்குப் பின்னாலிருந்து கத்தினார், சிங்கப்பூர் தேக்கா மளிகைக்கடை சுப்பையா அண்ணன். நெட்வொர்க் தொழிலில் எல்லாம் ஒழுங்காக ஓடினால் உங்களை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. நின்றுபோனால் உங்கள் பரம்பரையே ஞாபகத்துக்கு வரும். இதில் மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

அந்தோணி என் கணவர். ஏணியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டு. பிள்ளைகள் வளர்ந்தபிறகு கோர்ஸ் படித்து, பரீட்சையும் பாஸ் செய்து, அவருக்கு எடுபிடியாக இருந்த நான் இப்போது தனி ஆள். அண்ணன் செம்பவாங்கில் மூன்றாவது கடை திறக்கிறார். பில் போடும் கம்ப்யூட்டர் இருப்பதோ தேக்காவில். சனிக்கிழமை திறப்புக்குள் இரண்டையும் இணைக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். கான்வென்ட்டில் மதருக்கே பதிலுக்குப் பதில் பேசியவள் நான். முதன்முதலாகக் கைக்கு வந்த வேலையை அப்படி விட்டுவிடுவேனா?

எல்லோரையும் நம்பும் பெட்டி

நேராக அண்ணனின் இரண்டாவது கடை இருக்கும் கேலாங்குக்குப் போனேன். கடைக்குக் கடை லைனை இணைக்கும் எங்கள் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டிகள் கொஞ்சம் படித்தவை. ‘இந்தக் கடைக்கு இந்த வழி’ என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். ஒரு லைன் அறுந்தால் அடுத்ததைத் தாங்களே பிடித்துக்கொள்ளும். டைனமிக் ரவுட்டிங் என்பது இதுதான். எங்கள் சர்ச் பங்கு மகளிர் குழு மாதிரி: ஒருத்தி வாயைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாருக்கும் சேதி போய்விடும், நிஜமா என்று ஒருத்தியும் கேட்கமாட்டாள்.

ஸ்டோர் ரூமில் நாங்கள் கழற்றிப் போட்டிருந்த பழைய சுவிட்ச் மறுபடி மாட்டப்பட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ‘தேக்காவுக்கு நான்தான் வழி’ என்று அது அறிவிக்க, புதிய சுவிட்ச் அதை நம்பி எல்லாப் பில்லையும் அந்தக் குருட்டுப் பெட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. எந்த மகாராசன் இதைச் சொருகியது என்று கேட்டேன். மேனேஜர் முரளி தலையைச் சொறிந்தான்: “பிரிண்டர் சொருக இடம் பத்தல ஆன்ட்டி. இது பாவம் சும்மா கிடந்துச்சு, லைட்டு வேற எரிஞ்சுச்சு லா!”

தூரத்துப் பெட்டி முதலில்

அந்தப் பெட்டியைப் பிடுங்கியதும் கேலாங் எழுந்து ஓடியது. இனி கண்டவர் பேச்சை நம்பாமலிருக்க ஒரு கடவுச்சொல் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே சொல்லை வைத்திருந்தால்தான் ஒன்று சொல்வதை மற்றது காதில் வாங்கும். தேக்காவில் உட்கார்ந்தபடியே இரண்டு கடைக்கும் போட்டுவிடலாம் என்று ஆரம்பித்தேன். முதலில் தேக்காவில் போட்டேன். அந்த நொடியே அது கேலாங்கை நம்ப மறுத்தது, வழி அடைபட்டது. இனி கேலாங்குக்குள் நான் எப்படி நுழைவது? போட்டதை அவசரமாக எடுத்தேன்.

தூரத்தில் இருப்பதில் முதலில், கிட்ட இருப்பதில் பிறகு என்று வரிசையை மாற்றியதும் கேலாங் சேர்ந்துகொண்டது. இந்த வரிசையைப் பத்துமுறை எழுதியே பாஸ் செய்தவள் நான். சோபாவில் படுத்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்த அந்தோணி, போனில் ஆனந்தமாகக் கேட்டார்: “கதவைப் பூட்டிட்டு, உள்ள இருக்கிறவனுக்கு வெளியிலேர்ந்து சாவி குடுக்கப் பாத்தியா, ஸ்டெல்லா?”

பத்து நிமிடம்

சிரித்து முடித்து ஒரு உபாயமும் சொன்னார். தூரத்துச் சுவிட்சைத் தொடுமுன், ‘பத்து நிமிடத்தில் அணைந்து எழுந்திரு’ என்று அதற்கு ஒரு கட்டளை போட்டு வைக்கவேண்டும். நாம் ஏதாவது சொதப்பி வெளியே மாட்டிக்கொண்டாலும், அது சேமிக்காததை எல்லாம் மறந்து பழைய நிலைக்கே எழுந்துவிடும். எல்லாம் சரியாக வந்தால் கட்டளையை ரத்து செய்துவிட்டு, புதிய அமைப்பைச் சேமிக்கவேண்டும்.

செம்பவாங் லைன் சனிக்கிழமை காலையில்தான் வந்தது. தேக்காவின் பின்கட்டில் உட்கார்ந்து, கட்டளையைப் போட்டு, செம்பவாங்கில் கடவுச்சொல், பிறகு தேக்காவில். சில நொடிகளில் இரண்டும் கைகோத்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அந்தோணியைக் கூப்பிட்டுப் பீற்றிக்கொண்டேன். பீற்றிய சுகத்தில் ரத்து செய்யவுமில்லை, சேமிக்கவுமில்லை.

ராகு காலம் முடிந்துதான் முதல் பில் என்பது அண்ணனின் கண்டிப்பான உத்தரவு. ஆனால் ஒரு பெரியம்மா அவசரப்படுத்த, செம்பவாங் கேஷியர் கவிதா ஐந்து நிமிடம் முன்னாலேயே பால் பாக்கெட்டை ஸ்கேன் செய்துவிட்டாள். அதே கணத்தில் என் பத்து நிமிடம் முடிந்தது. செம்பவாங் சுவிட்ச் அணைந்து, கடவுச்சொல்லை மறந்து எழுந்தது. தேக்கா அதைச் சீந்தவில்லை. கவிதா போனில் அலறினாள்: “ஆன்ட்டி, ஸ்கிரீன் ஹேங் ஆயிடுச்சு, அண்ணன் இந்தப் பக்கம்தான் வர்றாரு!”

மாதாவே என்று தேக்காவில் கடவுச்சொல்லை எடுத்தேன். வழி திறந்தது. உள்ளே போய் இரண்டு பக்கமும் மறுபடி போட்டு, இந்த முறை சேமித்தேன். பில் வெளியே வந்தபோது ராகு காலம் முடிந்திருந்தது. அண்ணனே கூப்பிட்டார். வேலை போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். அவர் குரல் தழுதழுத்தது: “அந்தப் பொண்ணு ராகு காலத்துல பில் அடிக்கப் பாத்துச்சாம், சுவிட்சு விடலையாமே! இப்படி நேரம் பாத்து வேலை செய்ய யாரும்மா இருக்கா? இனிமே மூணு கடையும் உங்க பொறுப்புதான்.”

கைப்பையில் ஜெபமாலை இருக்க, “சரிண்ணே” என்றேன்.

நெட்வொர்க் தொழிலில் தப்பு செய்வது பெரிய குற்றமில்லை, அதைச் சரியான நேரத்தில் செய்யத் தெரிந்தால் போதும். வீட்டுக்கு வந்ததும், “என்னங்க, நடந்ததை அண்ணன்கிட்ட மட்டும் உளறிடாதீங்க” என்று அந்தோணியைக் கெஞ்சினேன். அவர் மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி, போனில் அண்ணன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.