ஏழாவது கேள்விக்கு நான் எழுதிய விடை

என் தங்கைக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தபோது அவள் வயதுக்கு வந்து பெரியபிள்ளை ஆகியிருக்கவில்லை. இது அன்று அம்மாவுக்கும் அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது; ஓட்டப் போட்டிகளில் முதலாவதாக வருபவள். குழாயடியிலும் கோயில் வாசலிலும் பெண்கள் அம்மாவைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். "இன்னும் ஒண்டும் இல்லையோ? ஓடி ஓடியே பெட்டை காஞ்சு போச்சுது." ஒருநாள் காலை அம்மா மாமியைக் கூப்பிட்டு, தங்கை பெரியபிள்ளை ஆகிவிட்டாள் என்று சொல்லிவிட்டார். மாமி மனம் நிறைந்து தண்ணீர் வார்த்தார். மண்டபம் எடுத்து ஊருக்கே சாப்பாடு போட்டோம். சேலையும் நகையுமாக மேடையில் இருந்த தங்கை சிரித்தபடி என் காதுக்குள் சொன்னாள்: "நானூறு மீற்றர் ரெண்டு தரம் ஓடச் சொல்லு, ஓடுறன். இப்பிடிச் சும்மா இருக்க ஏலாதக்கா." கமராக்காரர் அந்தச் சிரிப்பைப் பிடித்துவிட்டார். அல்பத்தில் மிக நல்ல படம் அதுதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கான தெரிவில் அவள் இடம்பெற்றாள். மருத்துவப் படிவம் ஆங்கிலத்தில் வந்தது. வீட்டில் பட்டதாரி நான். நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. ஏழாவது கேள்வி, முதல் மாதவிடாய் எந்த வயதில் என்பது.

"பதினாறு எண்டு எழுது," என்றார் அம்மா. "சாட்சி வேணுமெண்டால் அல்பம் கிடக்கு."

"அம்மா, இது டொக்டர்மார் பாக்கிற கடதாசி. ஏதும் குறையிருந்தால் கண்டுபிடிச்சுச் சுகமாக்குவினம். மறைச்சால் பிள்ளைக்குத்தான் ஆபத்து."

தங்கை சப்பாத்துக்குள்ளிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா படிச்சவ. அவ எழுதட்டும்," என்றாள்.

'இன்னும் இல்லை' என்று எழுதினேன். உண்மை யாருக்கும் தீங்கு செய்யாது என்று அன்று உளமார நம்பினேன்.

அந்த இரண்டு சொற்களைப் பார்த்துத்தான் கொழும்புக்கு அழைத்தார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். முடிவைச் சொன்ன பெண் மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழாக்க வேண்டியிருந்தது. வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே பிறந்த பிள்ளை. ஆனால் மரபணுக்கள் ஆண்களுக்குரிய வகை. கருப்பை இல்லை. உள்ளே இருக்கும் சுரப்பிகள் ஆண்களுக்குரிய அளவில் சுரக்கின்றன; உடலும் அதை ஏற்று வளர்ந்திருக்கிறது. பிறவியில் அமைந்த வேறுபாடு இது, யாருடைய பிழையும் இல்லை. அந்தச் சுரப்பிகளைத் தொடர்ந்து கவனித்து வர வேண்டும். இப்போதைய விதிப்படி பெண்கள் பிரிவில் அவள் சர்வதேசப் போட்டிகளில் ஓட முடியாது.

கருப்பை பற்றிய வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிப் பாதியில் விட்டேன். தங்கை என் கையைப் பிடித்தாள். "சொல்லு, நான் தாங்குவன்," என்றாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்ப நான் இவ்வளவு நாளும் கள்ளமா ஓடினனோ எண்டு கேள்."

கேட்டேன். மருத்துவர் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். "நோ," என்றார். அதை நான் தமிழாக்க வேண்டியிருக்கவில்லை.

அணியின் பட்டியல் அவள் பெயர் இல்லாமல் வெளிவந்ததும் ஊருக்குக் கதை எட்டியது. எப்படி எட்டியதென்று இன்றும் தெரியாது. மீன்வாடியில் ஒருவன் அப்பாவுக்குக் கேட்கவே சொன்னான்: "அப்ப நாங்கள் போய்ச் சாப்பிட்டது பெடியன்ர சாமத்தியச் சோறோ?" அப்பா வலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். மாமி அதன் பிறகு எங்கள் படலையைத் திறந்து உள்ளே வரவில்லை. அம்மா அல்பத்தை அலுமாரியின் அடித்தட்டில், பழைய துணிகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினார்.

இதை நான் பல தடவை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். தங்கைக்குப் பதிலாக அந்தப் போட்டிக்குப் போனவள் அடம்பன் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. வயல் வேலை முடித்துவிட்டு ஓடிப் பழகியவள். எத்தனையோ போட்டிகளில் என் தங்கையின் முதுகைப் பார்த்தபடியே ஓடி முடித்தவள். அவளுடைய உழைப்பையும் மதிக்க வேண்டும். நான் பொய் எழுதியிருந்தாலும் அந்தப் பஞ்சு என்றாவது தங்கையின் கன்னத்தைத் தேடி வந்திருக்கும். அதுவரை சுரப்பிகளைப் பற்றி அறியாமலே இருந்திருப்போம். நியாயங்கள் எல்லாம் என் பக்கம்தான் இருக்கின்றன. ஆனாலும் விடியற்காலையில் கடற்கரை மணலில் அவள் ஓடிப் பழகும் காலடிச் சத்தம் இப்போது கேட்பதில்லை.

போன மாதம் மன்னார் நகரில் கணினிப் பயிற்சி நெறி ஒன்றுக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். தமிழ்ப் படிவம், அவளே நிரப்பக்கூடியது. பெயர், முகவரி எல்லாம் எழுதிவிட்டு என் முன்னால் வைத்தாள்.

"இது ஒண்டை மட்டும் நீ எழுது. உனக்குத்தானே பொய் எழுத வராது."

'பால்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. 'பெண்' என்று எழுதினேன். ஏழாவது கேள்விக்கு விடை எழுதிய அன்றைவிட உறுதியாகவே எழுதினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "இதுக்கும் சோதனை வைப்பினமோ?" என்று சிரித்தாள். மேடையில் சிரித்த சிரிப்பு அல்ல அது.

படிவத்தைக் கொடுக்க அவள் புறப்பட்டபோது நானும் வீதிவரை போனேன். தலைமன்னாரிலிருந்து வந்த பஸ் எங்களைக் கடந்து, ஐம்பது மீற்றர் தள்ளித் தரிப்பிடத்தில் நின்றது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்று கூப்பிட்டார்:

"ஓடி வாங்கோ தங்கச்சி, ஓடி வாங்கோ!"

அவளுக்கு அது ஏழு விநாடித் தூரம். படிவத்தை மார்போடு அணைத்தபடி, அதே வேகத்தில் நடந்தாள். கொண்டக்டர் கொஞ்சம் பார்த்துவிட்டு மணியை அடித்தார். பஸ் போய்விட்டது. அவள் தரிப்பிடம்வரை நடந்து சென்று, என் பக்கம் திரும்பாமல் அங்கேயே நின்றாள்.