பக்கத்து வீட்டுக் குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை

பதினோரு நாட்களாக ஒரு குழந்தையை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை, பதினாறு மாதம். அதன் அம்மாவுக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். காட்டூரில் நெல்வயலுக்கு நடுவில் வளர்ந்தவள். கல்யாணமாகி எங்கள் மீனவக் குப்பமான கோட்டைக்குப்பத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் மீன் வாடைக்கு மூக்கைச் சுளிப்பாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். இந்தத் தெருவில் அவள் மனம்விட்டுப் பேசுகிற ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் நான் எதையும் தேடிப் போகவில்லை. அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். குழந்தை வாசலில் பாய்மேல் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் மூடியைச் சுழற்றிவிட்டுக்கொண்டிருந்தது. மூடி சுழன்று, தடதடத்து, அடங்கும். மறுபடி சுழற்றும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓரக்கண்ணால் அதையே பார்க்கும். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். திரும்பவில்லை.

அவள் சிரித்துக்கொண்டே, "பாருங்கக்கா, ஒரு மூடியக் குடுத்தா போதும், ஒரு மணி நேரம் என்னத் தேடாது. எம்மாஞ் சமத்து" என்றாள்.

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அரிசி களைந்தேன். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தேன்.

எனக்கு ஒரு மகன். ஐந்தரை வயது. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்தவன். அவனுக்கு ஆட்டிசம். இந்த வார்த்தையை நடுங்காமல் எழுத எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. இப்போதும் முழுக்க நடுங்காமல் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன்.

அவனுக்கு இரண்டேகால் வயதில் ஒரு வீடியோ எடுத்தேன். என் கணவர் காலையில் வீட்டுக் குழம்புக்குக் கொண்டுவந்த மீனைத் தரையில் கொட்டியிருந்தார். மடவை, கிழங்கான், கொஞ்சம் காரப்பொடி. மகன் உட்கார்ந்து அவற்றைப் பிரித்தான். கிழங்கான் ஒரு வரிசை, மடவை ஒரு வரிசை, எல்லாத் தலையும் ஒரே பக்கம். யாரும் சொல்லித் தரவில்லை. கரையில் மீனைக் கூறு கூறாகப் பிரித்து வைத்து விற்கிற பெண்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்தி பார்த்துவிட்டு, "ஏலக்காரன் பொறந்துட்டான்டி உங்க ஊட்ல" என்றாள். தெரு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. ஏலக்காரன் வரான், ஏலக்காரன் இன்னா சாப்ட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாராவது ஒரு மீனை இடம் மாற்றி வைத்தால் மூச்சு நின்றுபோகிற மாதிரி அழுவான். அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டோம். தொழிலில் அவ்வளவு கறாராம்.

அந்த வீடியோவை என் தோழிக்கு அனுப்பினேன். பழவேற்காடு டவுனில் இருக்கிறாள். பொன்னேரி காலேஜில் நாங்கள் ஒன்றாகப் படித்தோம், மூன்று வருடமும் ஒரே பஸ், பெரும்பாலும் ஒரே சீட். அவர்கள் முஸ்லிம் குடும்பம். அவள் சின்னக் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். வீடியோ அனுப்பி நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் நேரிலேயே வந்தாள். டீ குடித்தாள். பிறகு போனை எடுத்து அதே வீடியோவைப் போட்டுக் காட்டினாள்.

"இதுல நீ அவன எத்தினி தடவ கூப்புட்ற, எண்ணுடி."

எண்ணினேன். ஐந்து முறை.

"ஒரு தடவயாவது உன் மூஞ்சியப் பாத்தானா?"

"வேலைல கீறான்டி. மீன்மேல கண்ணு."

"பிஸ்கட் கவரப் பிரிச்சா உள் ரூம்லேருந்து ஓடியாறான்னு நீதான சொன்ன? அப்போ காது கேக்குது. பேரச் சொன்னா மட்டும் ஏன் வரல? சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காத. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடு. ஒண்ணும் இல்லன்னா நல்லதுதான."

அவளுக்குக் குழந்தை இல்லை. அந்த இடத்தைப் பார்த்துத்தான் அடித்தேன். "பெத்திருந்தா தெரியும் உனக்கு" என்றேன். பர்தாவைச் சரிசெய்துகொண்டு, டீ குடித்த டம்ளரை அவளே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் நாங்கள் பேசவில்லை.

அந்த எட்டு மாதமும் எனக்குத் துணையாக எத்தனை பேர். ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும். அவங்க நைனாவே நாலு வயசுலதான் பேசினாரு. காத்து சத்தத்துல கூப்ட்டா எங்க கேக்கும். நானும் சேர்த்துச் சொன்னேன். தண்ணீர் வேண்டுமென்றால் அவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், என் கையைச் சொம்பின்மேல் வைப்பான். என் முகத்தைப் பார்க்கமாட்டான். "என் கைய உட்டுப் பிரியவே மாட்டான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் என் கையை ஒரு கரண்டியைப் போலப் பயன்படுத்துகிறான் என்பது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று எழுதுவதும் பொய்தான். தோன்றியதைத் தள்ளிவிட்டேன்.

தள்ள முடியாமல் போனது ஒரு பஸ்ஸில். பொன்னேரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். திருப்பாலைவனம் ஸ்டாப்பில் பஸ் நின்றது. முன் சீட்டில் ஒரு பெண், மடியில் ஒரு வயதுகூட நிறையாத குழந்தை. வெளியே ஒரு கன்றுக்குட்டி. குழந்தை விரலை நீட்டி "தோ" என்றது. உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தது, அவளும் பார்க்கிறாளா என்று. அவள் பார்க்கவில்லை, டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி மறுபடியும் "தோ" என்றது.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது ஆகப்போகிறது. எங்கள் பழவேற்காடு ஏரியில் பருவத்துக்குப் பருவம் பூநாரைகள் வந்து இறங்குகின்றன, பார்ப்பதற்கு எங்கிருந்தோ கார் வைத்துக்கொண்டு வருகிறார்கள். படகுகள் போகின்றன, வருகின்றன. அவன் எனக்கு எதையுமே காட்டியதில்லை. ஒரு காக்காயைக்கூட. வேண்டும் என்று கேட்பது வேறு. இதோ பார் என்று சும்மா காட்டுவது வேறு. அந்த இரண்டாவது அவனிடம் இல்லவே இல்லை என்பது எனக்கு அந்த பஸ்ஸில் தெரிந்துவிட்டது. இறங்கியதும் தோழிக்குப் போன் செய்தேன். அவள்தான் பேசினாள்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. முதலில் காது பார்த்தார்கள், நன்றாக இருந்தது. பிறகு ஒரு பெண் டாக்டர் தரையில் உட்கார்ந்து அவனோடு வெகுநேரம் விளையாடப் பார்த்தார். என்னிடம் நிறையக் கேட்டார். விரல் நீட்டிக் காட்டுவானா என்பது அவற்றில் ஒன்று. முடிவில் அவர் சொன்னவற்றில் எனக்குப் பாதிதான் காதில் ஏறியது. இது நோய் அல்ல, மருந்து கொடுத்து மாற்றுவதும் அல்ல, அவன் உலகத்தை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு, நாம் அவனுக்குப் பக்கத்தில் போகப் பழக வேண்டும், சீக்கிரம் தொடங்கினால் அவனுக்கும் எளிது என்றார். சீக்கிரம் என்ற சொல் மட்டும் நெஞ்சில் மாட்டிக்கொண்டது. எட்டு மாதம் என்று நான் அழுதபோது, போனதை எண்ணாதீர்கள் என்றார். நான் எண்ணுகிறேன். இன்றைக்கும் எண்ணுகிறேன்.

இப்போது வாரம் ஒரு நாள் பயிற்சிக்குப் போகிறோம். மற்ற நாட்களில் வீட்டில் நானே செய்கிறேன். அவன் கேட்கிற பொருளை என் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். சில சொற்கள் வந்திருக்கின்றன. அவனோடு இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. சொன்னால் நம்ப வேண்டும், அவனோடு இருக்கும்போதுதான் எனக்குக் கொஞ்சம் அமைதி.

மற்ற நேரத்தில்தான் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கடையில், கோவிலில், எந்தக் கைக்குழந்தையைப் பார்த்தாலும் சோதித்துப் பார்க்கிறேன். பின்னாலிருந்து சொடக்குப் போடுகிறேன். சிரித்துக் காட்டிவிட்டு, அது சிரிக்கும்வரை அங்கேயே நிற்கிறேன். அநேகமாக எல்லாக் குழந்தைகளும் சிரித்துவிடும். ஒருமுறை என் கணவர் பார்த்துவிட்டார்.

"ஊர்ல கீற புள்ளைங்கள எல்லாம் நீதான் செக்கப் பண்ணணும்னு கவர்மெண்ட்ல எழுதிக் குடுத்துகீறாங்களா?"

ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பற்றி எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. மஞ்சள்காமாலைக்காரன் கண்ணைப் போல எனக்கும் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிகிறதோ என்று யோசித்தேன். தினமும் ஏதாவது சாக்கில் அந்த வாசலுக்குப் போனேன். வெங்காயம் இருக்கா, கேஸ் வந்துச்சா. கை தட்டிக் காட்டினேன். டாட்டா காட்டினேன். அது என்னைத் தாண்டி ஃபேனைப் பார்த்தது. பத்தாம் நாள் அவளே பேச்சுவாக்கில், "மின்னாடி அத்த, தாத்தான்னு சொல்லிக்கினு இருந்துச்சுக்கா. இப்போ அதையும் உட்டுடுச்சு. சோம்பேறி" என்றாள். வந்த பேச்சு நின்றுபோனால் காத்திருக்கக் கூடாது என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார்.

தோழிக்குப் போன் செய்தேன். "அன்னிக்கு எங்கிட்ட எப்டிடி சொன்ன? வாய் எப்டி வந்துச்சு?"

"நாலு நாள் சோறு எறங்கல. அப்புறம் வந்து சொன்னேன். நீ நல்லா பரிசு குடுத்து அனுப்புன."

"அவளும் அப்டி சொன்னா?"

"சொல்லுவா. அதுக்காக வாய மூடிக்கினு இருப்பியா? உனக்கு அவ வேணுமா, அந்தப் புள்ளக்கி நாள் வீணாவாம இருக்கணுமா, நீயே பாத்துக்க."

மறுநாள் குழாயடியில் கூட்டம் கலைந்த பிறகு சொன்னேன். எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருந்தும் எல்லாம் குழம்பிவிட்டது. எனக்குத் தெரியாது, தப்பாகவும் இருக்கலாம், முதலில் காது மட்டுமாவது பார்த்துவிடு, பேச்சு நின்றதை டாக்டரிடம் சொல்லு என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

"உங்க புள்ளக்கி அப்டின்னா எல்லார் புள்ளக்கும் அப்டி இருக்கணுமாக்கா?"

அவ்வளவுதான். போய்விட்டாள். நான் தோழியிடம் சொன்னதைவிட இது எவ்வளவோ மென்மை. இருந்தாலும் உடம்பெல்லாம் எரிந்தது.

இரண்டு நாள் அவள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் கடலுக்குப் போயிருந்த அவள் கணவன் வந்து இறங்கினான். வீட்டுக்குள் போன வேகத்தில் வெளியே வந்து, உப்புத் தண்ணீர் சொட்ட எங்கள் வாசலில் நின்றான். தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

"இன்னா அண்ணி, எம்பொண்ணு மேல இன்னா சொன்னீங்க? அவ ரெண்டு நாளா சாப்புடாம கெடக்கறா."

என் கணவர் எழுந்தார். "தம்பி, உள்ள வா, ஒக்காந்து பேசலாம்."

"உள்ள இன்னாத்துக்கு? ஊர்க்காரங்க முன்னாடியே சொல்லட்டும்."

அப்போது அவன் பின்னால் அவள் வந்து நின்றாள், இடுப்பில் குழந்தை. தலைகூட வாரியிருக்கவில்லை.

"அக்கா ஒண்ணும் சொல்லல. நாந்தான் கேட்டேன். புள்ள பேசறத உட்டுடுச்சு, எங்க காட்டணும்னு நாந்தான் போய்க் கேட்டேன். நீ வா, குளி மொதல்ல."

அவன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குழந்தையைப் பார்த்தான். அதன் பெயரைச் சொன்னான், மெதுவாக, தெருவுக்குக் கேட்காத குரலில். குழந்தை அம்மாவின் இடுப்பிலிருந்தே கையை நீட்டி அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. அவன் இன்னொரு தடவை சொன்னான். பிறகு குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

இன்று காலை முதல் பஸ்ஸில் மூவரும் சென்னைக்குப் போயிருக்கிறார்கள். நான் வருகிறேன் என்றதற்கு, வேண்டாங்கா, நாங்களே பாத்துக்கறோம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எங்கே சீட்டு வாங்குவது, எந்த மாடி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

மணி மூன்று. போன் வரவில்லை. இதை எழுதுவதுகூடக் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான். நான் சொன்னது முழுக்கத் தப்பாக இருக்கட்டும். காதில் சளி, அது போனால் பேசிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பட்டும். அவள் கணவன் தெரு நடுவில் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், பைத்தியக்காரி என்று இந்தக் குப்பமே என்னைப் பேசட்டும். அப்படி இல்லாவிட்டால், பதினாறு மாதம்தான் ஆகிறது, இவ்வளவு சீக்கிரம் தெரிந்ததே நல்லது என்பதை அவளுக்கு எப்படியாவது புரியவைக்க வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. மூன்றரை மணி பஸ் வருகிற நேரம். மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ரோடு வரைக்கும் போய் நிற்கப்போகிறேன்.