ரெஜினா மிஸ்ஸின் தூசி உருண்டை

ரெஜினா மிஸ் போயிட்டாங்க. காலையில ஸ்கூல் குரூப்புல பார்த்தேன்... ஹார்ட் அட்டாக்காம்.

அம்பத்தூர்ல ஒரே ஸ்கூல்ல நாங்க ரெண்டு பேரும் சயின்ஸ் டீச்சர். ஒன்பதாவது A செக்‌ஷன் எனக்கு, B அவங்களுக்கு. என் பொண்ணு ஷர்மி போய் விழுந்தது B-ல.

அங்கதான் என் வயித்தெரிச்சல் ஆரம்பம். இறந்தவங்களைப் பத்தி இப்படி எழுதக் கூடாதுதான். வேற மாதிரி எழுத வரல.

சூரியக் குடும்பம் எப்படி உருவாச்சுன்னு நான் கலர் சாக்பீஸ்ல போர்டு முழுக்க வரைவேன். வாயுவும் தூசியும் கலந்த மேகம், அது சுருங்கி, சுத்தி, தட்டையாகி, நடுவுல சூரியன்... பசங்க அழகா காப்பி பண்ணிட்டுக் கொட்டாவி விடுவாங்க.

ரெஜினா மிஸ்ஸோ, அந்தப் பாடம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியிருந்தே கடைசி பெஞ்சுக்கு அடியில பெருக்க விடமாட்டாங்க. "இன்னா சார் இது, தொடப்பத்த எடுத்துகினு போனாலே அந்த மிஸ்ஸு தொரத்துது"ன்னு ஆயா என்கிட்ட வந்து புலம்பும்.

பாடம் நடத்துற அன்னைக்கு மொத்த கிளாஸும் தரையில குப்புறப் படுத்திருக்கும். சாக்பீஸ் தூள், முடி, நூல் எல்லாம் சேர்ந்து ஒரு உருண்டை.

"ஃபேன் காத்துல சுத்தி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு பாருங்க. சூரியனைச் சுத்தின தூசியும் இப்படித்தான் ஒட்ட ஆரம்பிச்சுது. அப்புறம் கல்லு, பாறை... கடைசியில நம்ம அம்பத்தூர்."

என் A செக்‌ஷன் பசங்க ஜன்னல்ல தொங்கிட்டு இருந்தாங்க.

வீட்டுல அதைவிட மோசம். ஷர்மி தன் கட்டிலுக்கு அடியில யாரையும் பெருக்க விடல. "மிஸ் சொன்னாங்கப்பா, கிரகம் வளருது." நானும் அதே பாடம் நடத்துறவன்தான்மா... கேட்டாதானே.

இப்ப காலேஜ்ல பிசிக்ஸ் படிக்கிறா. யாரைப் பார்த்து பிசிக்ஸ் எடுத்தன்னு யார் கேட்டாலும் என் பேர் வராது. ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போதும் கட்டிலடியைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா.

மதியம் கள்ளிக்குப்பத்துல மிஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். மாலை வச்சிட்டு உட்கார்ந்தப்ப கண்ணு தானா அங்க இருந்த கட்டிலுக்கு அடியில போச்சு. ஒரு பொட்டுத் தூசி இல்ல.

"வீட்டுல தூசி இருந்தா அவளுக்கு ஆகவே ஆகாது சார்"னாரு அவங்க வீட்டுக்காரர்.

நல்லா இருக்கு மிஸ் உங்க நியாயம்... உங்க வீடு மட்டும் பளபளன்னு. கிரகமெல்லாம் என் வீட்டுல.

ஷர்மி பஸ் ஏறிட்டா. போன்ல ஒரே அழுகை. பொண்ணு வர்றாளேன்னு என் மனைவி துடைப்பத்தோட அவ ரூமுக்குப் போனாங்க. நான்தான் வாசல்லயே மறிச்சேன்.

"கட்டிலுக்கு அடியில வேணாம்."

போயிட்டு வாங்க மிஸ். இப்பவும் பொறாமையாத்தான் இருக்கு.