மாண்ட்ரியலுக்கு ஒரு பொங்கல் வரிசை

கமலக்கண்ணனுக்குக் குளிர் ஆகாது. மார்கழிக் காலையில் காதை மூடி மஃப்ளர் சுற்றாமல் அவர் நெல்லித்தோப்பு முனையைத் தாண்டியதில்லை. மின்துறையில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேன் ஆனவர். இடிக்கும் மழைக்கும் அசையாத மனிதர், பனிக்கு மட்டும் பூனைக்குட்டி மாதிரி சுருண்டுவிடுவார். அப்படிப்பட்டவர் பொங்கலையொட்டிப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, மனைவி நிர்மலாவோடு கனடாவில் இருக்கும் மாண்ட்ரியலுக்குச் சுற்றுலா போகிறேன் என்று சொன்னால் ஆபீசில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

டிக்கெட் போட்டுக் கொடுத்த விஜயராகவனும் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். உப்பளத்தில் டிராவல்ஸ் வைத்திருப்பவர். பாதி ஊரைப் பிரான்சுக்கு ஏற்றி அனுப்பிய கை அது.

“ஜூன்ல போங்க சார், ஊரே பூவா இருக்கும். ஜனவரியில மைனஸ் இருவதுக்குப் போவும். அங்க இருக்கறவனே பொறுக்க முடியாம வேற ஊருக்கு ஓடுவான். நீங்க போயி இன்னாத்தப் பாக்கப் போறீங்க?”

“லீவு அப்பதான் கெடைக்குது” என்றார் கமலக்கண்ணன்.

அது பொய். மாண்ட்ரியலில் அவருடைய தங்கை கார்குழலி இருக்கிறாள். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப் பானை, புடவை என்று எல்லாவற்றையும் பொங்கலுக்கு முன்னால் கூடப்பிறந்தவன் தன் கையால் கொண்டுபோய், கட்டிக்கொடுத்த பெண்ணின் வாசலில் வைத்தால்தான் அது பிறந்த வீட்டு வரிசை. கமலக்கண்ணன் அதை ஒரு பொங்கலுக்கும் செய்ததில்லை. இந்தப் பொங்கலுக்காவது செய்துவிட வேண்டும். சுற்றுலா என்று ஊருக்குச் சொன்னதன் உள்விஷயம் அவ்வளவுதான். நிர்மலாவுக்கு மட்டும் தெரியும்.

கார்குழலி, வைத்திக்குப்பத்து இராமதாஸை வீட்டை மீறிக் கட்டிக்கொண்டவள். அப்பா வில்லியனூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போட்ட ஆள். மீன்காரர் வீட்டோடு நமக்கென்ன சம்பந்தம் என்று குதிகுதியென்று குதித்தார். “அந்த வாசப்படிய மிதிச்சவன் எனக்குக் கொள்ளி வெக்க வரவேணாம்” என்று மகனைப் பார்த்துச் சொன்னார். மகன் மிதிக்கவில்லை. அப்பா சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். கோழைத்தனத்துக்கு நம் ஊரில் எத்தனை நல்ல பெயர்கள்!

கார்குழலிக்குத் தலைப்பொங்கல் வந்த சமயம், ‘தானே’ புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்தது. கமலக்கண்ணனின் ஆட்களுக்கு வைத்திக்குப்பத்தை ஒதுக்கினார்கள். சாய்ந்த கம்பங்களை நிமிர்த்திக் கம்பி இழுத்துக்கொண்டே போனதில், கடைசியாக அவர் ஏறிய போஸ்ட் தங்கையின் வாசலுக்கு நேர் எதிரே நின்றது. அவள் வெளியே வந்தாள். வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கூப்பிடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். இவர் கம்பியில் வைத்த கண்ணை எடுக்காமல் வேலையை முடித்தார், இறங்கினார், ஆட்களோடு அடுத்த தெருவுக்கு நடந்துவிட்டார். சாயங்காலம் அந்தத் தெருவுக்குக் கரண்டு வந்தது.

சில வருஷம் கழித்து இராமதாஸுக்குக் கனடாவில் வேலை கிடைத்து இருவரும் போய்விட்டார்கள். அப்பா இறந்தபோது முதலில் போன் செய்தவள் கார்குழலிதான். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அண்ணனும் தங்கையும் போனிலேயே அழுது தீர்த்தார்கள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேச்சு. பழசைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எடுத்ததில்லை. ஒருநாள் நன்றாகத் திட்டியிருந்தால் இவருக்குப் பாரம் இறங்கியிருக்கும். அவளோ, “ண்ணா, சாப்ட்டியா?” என்றுதான் ஆரம்பிப்பாள். துக்க வருஷம் என்பதால் போன பொங்கல் வீட்டில் இல்லை. இந்தப் பொங்கலை விட்டால் தனக்கு மறுபடி தைரியம் வராது என்று அவருக்குத் தெரியும்.

விஜயராகவனிடம் சாமான்களைச் சொன்னபோதுதான் அடுத்த சிக்கல் வந்தது.

“மஞ்சக்கொத்தா? மண்ணு ஒட்டின செடிய ஏர்போர்ட்லயே வாங்கி வெச்சிடுவான் சார். கரும்பும் வேணாம், பூசணியும் வேணாம். மண்பானை இங்க ஏத்தறப்பவே ஒடஞ்சிடும். புடவை எடுத்துக்குங்க. வெல்லம் கொஞ்சம் எடுத்துக்குங்க. சுற்றுலாதானே போறீங்க, இதெல்லாம் எதுக்கு?”

கரும்பும் மஞ்சளும் பானையும் இல்லாமல் என்ன வரிசை? கமலக்கண்ணன் வெளியே வந்து வண்டியைக் கிளப்பினார்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது கார்குழலி பேசினாள். இங்கே காலை, அங்கே சனிக்கிழமை ராத்திரி.

“ண்ணா, இப்பவும் சொல்றேன், டிக்கெட்ட மாத்திக்கினு ஜூன்ல வா. வாசல்ல இடுப்பளவு பனி கெடக்குது. அண்ணி பாவம். இந்தக் குளிர்ல எதுக்கு?”

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று கமலக்கண்ணன் சொல்லிவிட்டார். “பொங்க வரிசை கொண்டாறேம்மா.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“அதுக்கா இவ்ளோ தூரம்? நாங்க இங்க வர்ற வரைக்கும் வருஷா வருஷம் குடுத்தனுப்பினியே, அது பத்தாதா?”

கமலக்கண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“தலப்பொங்கல நெனச்சா எனக்கு இப்பவும் அழுவ வரும்ண்ணா. போஸ்ட்லேருந்து எறங்கி என்னப் பாக்காமயே போனியா, இனிமே உன் மூஞ்சில முழிக்கறதில்லன்னு இருந்தேன். மறுநாள் அத்த எல்லாத்தையும் எடுத்தாந்து முன்னால வெச்சாங்க. உங்க அண்ணன்தான் பின்பக்கமா வந்து குடுத்துட்டுப் போனான், உங்க அப்பாவுக்கு பயந்துக்கினு நிக்காமப் போயிட்டான், யாருகிட்டயும் சொல்லாதன்னாங்க. அந்த வெண்கலப் பானையிலதான் இங்கயும் பொங்க வெக்கிறேன். இதுக்கு மேல நீ இன்னா செய்யணும்?”

“அப்பறம் பேசறேம்மா” என்று போனை வைத்தார். நிர்மலா என்னவென்று கேட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

வைத்திக்குப்பத்தில் கார்குழலியின் மாமியார் தனம், காலை வியாபாரம் முடித்து வாசலில் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் நடமாட முடியாமல் உள்ளே கட்டிலில் இருந்தார். கமலக்கண்ணன் தெருவிலேயே நின்றார். அந்தப் படியை மிதிக்க அவருக்குக் கால் எழவில்லை.

“அத்தே, அந்த வரிசையெல்லாம் நீங்க வாங்கினதா?”

தனம் நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று அடையாளம் தெரிந்தது. கையை உதறிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

“அன்னிக்கு நீ எறங்கிப் போனதும் உள்ள போயி செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்துட்டா. ஒரு வாய் சோறு தின்னல. புதுசா வந்த பொண்ணு. உனக்கு இன்னும் வரிசை வரலியான்னு தெருவுல நாலு பேரு கேப்பாளுவ. என்னைய இன்னா பண்ணச் சொல்ற? பெரிய மார்க்கெட்டுக்குப் போயி வாங்கியாந்தேன். அப்பறம் ஒவ்வொரு வருசமும் அப்படியே வந்துடிச்சி.”

“எதுக்கு என் பேரச் சொன்னீங்க?”

“நான் குடுத்தேன்னா அது மாமியா வூட்டுச் சாமான். வரிசையாவுமா?” என்றாள். “எனக்குக் கூடப்பொறந்தவன் கெடையாது தம்பி. பொங்க வந்தா வாசலப் பாத்துக்கினு நிக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும். அவளுக்கு நீ இருக்கற. இருந்தும் நிக்கறாளேன்னு மனசு கேக்கல.”

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். படிக்காத இந்த மீன்காரியின் புளுகு பதின்மூன்று வருஷம் கலையாமல் நின்று, கடல் தாண்டிப் போய், ஒரு தங்கைக்கு அண்ணனைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கமலக்கண்ணனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

“அவகிட்ட சொல்லிடட்டுமா?” என்று கேட்டார்.

“அது உன் பாடு. ஆனா போன்ல சொல்லாத. எதுர ஒக்காந்து சொல்லு. அழுதான்னா புடிச்சுக்க ஆளு வேணும்.”

ஜூனுக்கு மாற்றச் சொல்லி மறுபடி யாரும் அவரிடம் பேசவில்லை. பேசியிருந்தாலும் கேட்கிற நிலையில் அவர் இல்லை. பெட்டியில் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே தங்கைக்கு ஒரு பட்டுப்புடவையும் வெல்லமும் மட்டும் போயின. அவளிடம் சொல்லவேண்டியதை அவர் மனதுக்குள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் ‘நான் ஒண்ணும் குடுக்கலம்மா’ என்றுதான் முடிந்தது. சொன்ன பிறகு அவள் அண்ணா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ. அந்தப் பயத்தோடுதான் போக வேண்டும், போகத்தான் போகிறார்.

கிளம்புகிற அன்று காலையில் நிர்மலாவையும் கூட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனார். விமானத்தில் ஏறாது என்று விஜயராகவன் தள்ளிய சாமான்கள் ஒவ்வொன்றையும் வாங்கினார். தோகையோடு ஒரு கட்டுக் கரும்பு, மண் உதிராத மஞ்சள் கொத்து, பூசணி, பச்சரிசி, புதுப் பானை. ஒரு நூல் புடவை, ஒரு வேட்டி. ஆட்டோவில் கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க, வைத்திக்குப்பத்தில் போய் இறங்கினார்கள்.

தனம் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கமலக்கண்ணன் செருப்பைக் கழற்றினார். புடவையும் மஞ்சளும் வைத்த தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அந்த வாசற்படியை மிதித்து ஏறினார். நிர்மலா பானையோடு பின்னால் ஏறினாள்.

எதிர்வீட்டுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “இன்னா தனம், கரும்பெல்லாம் எறங்குது? மருமவதான் கனடால கெடக்கறாளே, யாருக்கு வரிசை?”

தனம் வாயைத் திறந்தாள். அத்தனை வருஷம் கூசாமல் பொய் சொன்ன வாய்க்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை.

“எங்க அக்காவுக்கு” என்றார் கமலக்கண்ணன். “பொறந்த வூட்டு வரிசை.”

தனம் தாம்பாளத்தைத் தொடக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள். கையெல்லாம் மீன் செதில்.

“இரு தம்பி, கையக் கழுவிக்கினு வரேன்” என்று கொல்லைப்பக்கம் போனாள். தண்ணீர் மொள்ளும் சத்தம் ஒருமுறை கேட்டது. அதன் பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. தாம்பாளத்தைக் கீழே வைக்காமல் கமலக்கண்ணன் நின்றுகொண்டே இருந்தார்.