மேஜர் கடித்த காப்பி வேர்

பெரகல சந்திக்கு மேலே நெல்லிமலைத் தோட்டத்தில் அழகையாவுக்குப் பங்களா நாயைப் பார்த்துக்கொள்கிற வேலை. அதற்கு அவர் ஆசைப்பட்டுப் போனவரல்ல. இருபது வருஷம் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குத் தறித்துவிடுகிற வேலை அது. எழுபத்தோராம் வருஷம் ஒரு மழைநாளில் கத்தி வழுக்கி, செடியோடு சேர்த்து இடக்கை விரல் இரண்டையும் தறித்துவிட்டது. அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரை, "நாய் பார்க்க எட்டு விரல் போதும்" என்று சொல்லி அவரைப் பங்களாவுக்கு மாற்றினார். அது கருணையா கேலியா என்று அழகையா ஆராயவில்லை. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே இருக்கிற முனியாண்டிக்கு ஒரு சூடம் கொளுத்திவிட்டு, மறுநாள் காலை வேலைக்குப் போய்விட்டார்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைக்காரத் துரை கப்பலேறினார். துரை போனால் நாயும் போய்விடும், இனி மனுஷருக்கு ஒரு காலம் வரும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து புதுத் துரை வந்தார். கூடவே முன்னையதைவிடப் பெரிய நாய் ஒன்று வந்தது.

அதன் பெயர் மேஜர். கன்றுக்குட்டி உயரம். தலை, கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி. வாயை மூடினால் இரும்புப் பெட்டியைப் பூட்டுகிற சத்தம் கேட்கும். கெட்ட நாய் என்று சொன்னால் ஆண்டவனுக்கே பொறுக்காது. ஒரு குழந்தையைக்கூட அது உறுமிப் பார்த்ததில்லை. ஆனால் அதன் பல்லுக்கு எந்நேரமும் எதையாவது கடித்துக்கொண்டிருக்க வேண்டும். வந்த மாதமே துரையின் சப்பாத்து இரண்டு சோடி, சாய்மனைக் கதிரையின் ஒரு கால், குதிரைச் சேணத்தில் பாதி எல்லாம் போயின. பிறகு முற்றத்தில் மழை அளப்பதற்கு வைத்திருந்த செப்புப் புனலைக் கவ்விக்கொண்டு போய் நசுக்கிவிட்டது. அந்த மாதம் நெல்லிமலையில் மழையே பெய்யவில்லை என்று கொழும்புக்கு அறிக்கை போனது. லயத்து ஒற்றையறைக் காம்பராக்களில் அந்த மாதம் முழுவதும் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் சட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவையும் துரை பொறுத்தார். கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரியின் தோல் பையை மேஜர் கடித்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நெல்லிமலைத் தோட்டத்து மக்கள் எவ்வளவு வசதியாக வாழ்கிறார்கள் என்ற அறிக்கை அந்தப் பைக்குள் இருந்தது. நாய் அதில் பாதியை விழுங்கிவிட்டு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தது.

"அம்புட்டுப் பொய்ய ஒரே மூச்சுல தின்னா நாய்க்குந்தான் செமிக்குமா?" என்றாள் அழகையாவின் மனைவி இராக்கம்மா.

துரை அழகையாவைக் கூப்பிட்டு, "வாற வெள்ளிக்கெழம பெரிய ஐயா திரும்ப வர்றாரு. நாய் அவரு சாமான் ஒன்னுலயும் வாய் வைக்கக் கூடாது. வச்சா உன் பேரு வெட்டு" என்றார்.

"கட்டிப் போட்டுறவாங்க தொரை?"

"கட்டினா கத்தும். பெரிய ஐயாவுக்குச் சத்தம் ஆகாது."

தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் வேலை மட்டும் போவதல்ல. பேர் இருந்தால்தான் காம்பரா. ஒழுகுகிற காம்பராதான், மூன்று வருஷமாக மூன்று மனுப் போட்டும் கூரையில் ஒரு தகரம் மாறாத காம்பராதான். ஆனாலும் அழகையாவுக்கும் இராக்கம்மாவுக்கும் இந்த உலகத்தில் தலை வைக்க இருந்தது அது ஒன்றே. எட்டு விரல்காரரை வேறு எந்தத் தோட்டமும் எடுக்காது. அன்றைக்குச் சனிக்கிழமை. கையில் ஆறு நாள் இருந்தது.

நாய்க்குக் கடிக்க என்ன கொடுப்பது என்று முடிவுசெய்யப் பங்களா வராந்தாவில் கூட்டம் கூடியது. லயக் கூரைக்கு மூன்று வருஷத்தில் கூடாத கூட்டம் அரைமணி நேரத்தில் கூடியதைப் பார்த்து அழகையா ஆச்சரியப்படவில்லை. தூணோரமாக மேஜரின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் பெரிய கணக்கப்பிள்ளை ஒரு டயர்த் துண்டோடு வந்தார். "லொறி டயருங்க தொரை. இங்கருந்து கொழும்புக்கு எத்தன வாட்டி போய் வந்திருக்கும், தேயலயே! நாய்ப் பல்லுக்கா தேயப் போவுது?"

ஒரு மணி நேரத்தில் தேய்ந்தது. ரப்பர் போய் உள்ளேயிருந்த கம்பி வெளியே வந்து மேஜரின் ஈறில் குத்தியது. அழகையா அந்தப் பெரிய வாய்க்குள் கைவிட்டுக் கம்பியை எடுத்தார். மிச்சமிருக்கிற விரல்களைப் பற்றி நினைக்கவில்லையா என்று பிறகு இராக்கம்மா கேட்டாள். பாவம், அதுக்கு வலிச்சதே என்றார்.

"டயர்ல குத்தமில்லைங்க. நாய் கடிச்ச விதம் சரியில்ல" என்றார் கணக்கப்பிள்ளை.

அடுத்தது டிஸ்பென்சர் ஐயா. காய்ச்சல், இடுப்புவலி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் தோட்டத்து ஆட்களுக்கு ஒரே சிவப்புத் தண்ணீரைக் கொடுப்பவர், நாய் விஷயத்தில் மட்டும் புத்தகம் பார்த்துவிட்டு வந்திருந்தார். மாட்டெலும்பு வாங்கி நன்றாக அவித்துக் கொடுக்க வேண்டும், அதில்தான் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்றார்.

அது ஆபத்து என்று அழகையாவுக்குத் தெரியும். ஆனால் தொழிலாளி துரைக்கு நேராகப் புத்தி சொல்ல முடியாது. கணக்கப்பிள்ளையிடம் சொல்ல, அவர் துரையிடம் சொல்ல வேண்டும். அதுதான் தோட்டத்து முறை. துரை அங்கேயே நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார், அவருக்குத் தமிழும் தெரியும். இருந்தாலும் கணக்கப்பிள்ளை வாயால் வராத எதுவும் அவர் காதில் ஏறாது.

"கணக்கப்புள்ள ஐயா, அவிச்ச எலும்பு ஊசி ஊசியா ஒடையுமுங்க. பழைய தொரையோட நாயி அப்புடித்தாங்க செத்துச்சு. கொடல்ல குத்திருச்சுங்க. நாந்தாங்க பொதச்சேன்."

கணக்கப்பிள்ளை யோசித்தார். மறுவாரம் லீவு போட்டுக் கதிர்காமம் போக, உடம்புக்கு முடியவில்லை என்று டிஸ்பென்சரிடம் அவருக்கு ஒரு நோய்த் துண்டு வாங்க வேண்டியிருந்தது. துரை பக்கம் திரும்பி, "அவிச்ச எலும்புன்னா ரொம்ப நல்லதுன்னு அழகையாவும் சொல்றான் தொரை" என்றார்.

அழகையா பெரகலைக்கு நடந்தார். சந்தியில் வாஹித் நானாவின் இறைச்சிக் கடை. பக்கத்துக் கடையில் பங்கீட்டு மாவுக்கு வரிசை நின்றது.

"என்ன அழகையா, இவ்வளவு எலும்பு! ஊட்டுல கல்யாணமா?"

"நாய்க்கு நானா."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழகையா தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க என்னத்துக்கு வெக்கப்படுறீங்க? அதுவும் அல்லாட படைப்புத்தானே" என்று வாஹித் நானா குரலைத் தணித்தார். "ஆனா அவிச்சுக் குடுக்காதீங்க. பச்சையாக் குடுத்தாலும் இந்தத் தொட எலும்பு கல்லு மாதிரி. எங்கட கடை நாய்க்கு ரெண்டு பல்லு அதுலதான் போச்சு. நீங்க கவ்வாத்து வெட்டின ஆள். எந்தக் கட்டை எப்படி ஒடையும்னு ஒங்களுக்குத் தெரியாததா? என்னத்துக்கு எங்கிட்ட வாறீங்க?"

திரும்பி ஏறுகிற வழியெல்லாம் அந்தப் பேச்சு கூடவே வந்தது. அழகையா எலும்பை அவித்து, சாற்றை மேஜருக்கு ஊற்றிவிட்டு, எலும்பைக் குழி தோண்டிப் புதைத்தார். டிஸ்பென்சர் விசாரித்தபோது, "எலும்பு போக வேண்டிய எடத்துக்குப் போயிருச்சுங்க" என்றார். அவர் பொய் சொல்வதில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தார். தேயிலைக் கட்டை சிம்பு சிம்பாகப் பிளந்து வாயைக் கிழிக்கும். தேயிலைக்கு நிழலுக்காக நட்ட சவுக்கு லேசு, ஒரு மத்தியானத்துக்குத் தாங்காது. மூங்கில் கத்தி மாதிரி அறுக்கும். அரளி விஷம். காப்பி வேர்? இருபது வருஷத்தில் கத்தி எத்தனையோ தடவை அதில் பட்டிருக்கிறது. வெட்டினால் தெறிக்காது, அடித்தால் பிளக்காது, நசுங்கி நசுங்கி நார் மாதிரி மெத்தென்று ஆகும். தேயிலைக்கு முந்தின காலத்துக் காப்பி மரங்கள் நாலைந்து இன்னமும் முனியாண்டி பக்கத்தில் நின்றன. அதில் ஒன்று போன காற்றில் சாய்ந்து கிடந்தது.

சாமி பக்கத்து மரத்தில் கத்தி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. சூடம் கொளுத்தி, "முனியாண்டி, நாய் கடிக்கத்தாய்யா கேக்குறேன், வெளையாட்டுக்கு இல்ல. குத்தமுன்னா இப்பவே காட்டிரு" என்று சொல்லி, சூடம் அணைகிற வரை காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பல்லிகூடச் சத்தம் போடவில்லை. வேரைத் தறித்து எடுத்துக்கொண்டார்.

இராக்கம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்து வேரைச் சீவிக்கொண்டிருந்தார். மேஜர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"பட்டைய எதுக்கு உரிக்கிறீங்க?"

"பட்ட தொண்டையில ஒட்டிக்கும். வாய்க்குள்ள முழுசாப் போகாத அளவுல கட்ட இருக்கணும். இல்லாட்டி முழுங்கிப்புடும். இந்தா, நகத்த வச்சு அமுக்கிப் பாரு. லேசாப் பதியுதா?"

"பதியுது."

"பதிஞ்சா பல்லுக்குப் பாதகமில்ல. பதியாட்டிப் பல்லு போயிரும்."

இராக்கம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "நம்ம மகளுக்கு ஒரு மரப்பாச்சி செஞ்சு குடுங்கன்னு அவ சமையிற வரைக்கும் கேட்டேன். நேரமில்ல நேரமில்லன்னீங்க. இப்ப அவளும் கல்யாணமாகி அப்புத்தளைக்குப் போயிட்டா. நாய்க்கு மட்டும் நகத்த வச்சுப் பதம் பாக்குறீங்க."

அழகையாவின் கத்தி நின்றது. "அப்ப பத்து வெரலும் மலைக்குப் போயிருச்சு புள்ள" என்றார். அவள் அடுப்பை மூட்டி, வேரைத் தொங்கவிடச் சரடு தேடிக் கொடுத்தாள்.

நாலு நாள் அடுப்புக்கு மேலே காய்ந்தது. மழை பெய்த இரண்டு நாளும் கூரை ஒழுகி அதன்மேல் சொட்ட, இராக்கம்மா தகரத்தட்டைப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தாள். தன் தலைக்கு அவள் ஒரு நாளும் தட்டுப் பிடித்ததில்லை. வியாழக்கிழமை கட்டை மேஜருக்குப் போனது. மேஜர் முகர்ந்தது, நக்கியது, முன்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கடிக்க ஆரம்பித்தது. சாயங்காலம் வரை தலையைத் தூக்கவில்லை. அழகையா ஒரு நாழிகைக்கு ஒரு தடவை கட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார். சிம்பு இல்லை, வெடிப்பு இல்லை. ஓரம் மட்டும் பல்குச்சி மாதிரி நைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்தார். புதுத் தோல் பையைக் கதிரையில் வைத்தார். மேஜர் ஒரு பார்வை பார்த்தது. அழகையாவுக்கு நெஞ்சுக்குள் முனியாண்டி, முருகன், மடுமாதா என்று நினைவுக்கு வந்த தெய்வமெல்லாம் ஓடின. மேஜர் கொட்டாவி விட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு தூணோரம் படுத்தது.

"அட, இது என்ன?" என்றார் அதிகாரி.

"நாங்கதான் யோசிச்சு ஏற்பாடு செஞ்சோம்" என்றார் துரை. "சுண்ணாம்புச் சத்துள்ள வேர்" என்றார் டிஸ்பென்சர். கணக்கப்பிள்ளை டயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதிகாரிக்குப் பிடித்துவிட்டது. அவர் பொறுப்பிலிருந்த பன்னிரண்டு பங்களாக்களிலும் நாய்கள் கதிரைகளைத் தின்றுகொண்டிருந்தன. பன்னிரண்டு கட்டை வேண்டும் என்றார். எப்படிச் செய்வது என்று கேட்டார். துரை டிஸ்பென்சரைப் பார்த்தார். டிஸ்பென்சர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தூணைப் பார்த்தார். தூணுக்கு அந்தப் பக்கம் அழகையா நின்றார்.

தோட்டத்து முறை தெரியாத அதிகாரி நேராகவே கேட்டுவிட்டார். "நீயா செய்தது? நல்லது. உனக்கு என்ன வேணும், சொல்லு."

மூன்று தலைமுறையாகப் பழகிய வாய் தானாகப் பதில் சொன்னது. "ஒன்னும் வேணாங்க."

சொன்ன பிறகுதான் கூரை ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்லவேளை, அதிகாரி மறுபடியும் கேட்டார். "பன்னிரண்டு கட்டை எப்போது கிடைக்கும்?"

"மழ நின்னாத்தாங்க. ஈரம் பட்டா கட்டையில பூஞ்சணம் புடிக்குமுங்க, நாயிக்கு வயிறு கெட்டுரும். காய வைக்க எங்க காம்பரா அடுப்புத்தாங்க இருக்கு. அது ஒழுகுதுங்க."

"நாய்க்கு வயிறு கெடுமா?" என்று அதிகாரி துரையைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை ஆட்கணக்கு எடுக்கிற பெரட்டு கலைகிறதற்குள் லொறியில் புதுத் தகரம் வந்து இறங்கியது. மூன்று மனுவுக்கு அசையாத தகரம். ஆபீஸ் புத்தகத்தில் அழகையாவின் காம்பராவை 'நாய்ச் சாமான் களஞ்சியம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

"அப்ப நாம நாய்க் களஞ்சியத்துலயா குடியிருக்கோம்?" என்றாள் இராக்கம்மா.

"ஒழுகலல்ல?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பன்னிரண்டு வேர்கள் சொட்டுத் தண்ணீர் படாமல் தொங்கின.

அடுத்த காம்பராத் தனலெட்சுமி நனைந்த தலையோடு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, எங்க அடுப்புலயும் ரெண்டு கட்டையத் தொங்கப் போடுங்களேன். புண்ணியமாப் போகும்."

அழகையா வேர்களை எண்ணிப் பார்த்தார். நெருக்கமாகத்தான் தொங்கின. ஒரு பக்கம் காய்ந்தால் மறுபக்கம் காயவில்லை. அது பொய்யில்லை, யாரும் வந்து தொட்டுப் பார்க்கலாம். சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போனார்.

"பன்னெண்டு கட்டைக்கு ஒரு அடுப்புப் பத்தாதுங்க ஐயா. லயம் பூராத் தொங்கவிட்டாத்தான் காயுமுங்க."

கணக்கப்பிள்ளையின் வீட்டு வராந்தாவிலும் இரண்டு சட்டி வைத்திருந்தது. டொக்கு டொக்கென்று சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ சொன்னத அப்புடியே தொரைகிட்டச் சொல்றேன்" என்றார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவான குரலில், "எங்க வீட்டுக்கும் ரெண்டு கட்ட குடுத்துவிடு" என்றார்.