வெர்லின் காவல் காத்த குவாரி

இண்டியானாவின் தெற்கு மலைப்பக்கத்தில் ஏப்ரல் பிறந்துவிட்டால் உண்மை பேசுகிற ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பொய் சொன்னால் நரகம் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேசையைக் குத்துகிற பாதிரியாரிடம்கூட, ஆராதனை முடிந்து வாசலில் வைத்து, காளான் எங்கே கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். தெற்கே பறித்ததற்கு வடக்கே கை காட்டிவிட்டு, மேலே ஒரு பார்வை பார்த்து மன்னிப்பும் கேட்டுக்கொண்டு காரில் ஏறிவிடுவார்.

அந்த ஊரில் காளான் என்றால் மொரல் காளான் ஒன்றுதான். விரல் நீளம் இருக்கும். தலை தேனடை மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கும். வசந்தத்தில் இரண்டு மூன்று வாரம், செத்துப்போன எல்ம் மரத்தைச் சுற்றி முளைக்கும். பிறகு அடுத்த வருஷம்தான். பெண்டாட்டியின் பிறந்தநாளை மறக்கிறவன்கூட அந்த மூன்று வாரத்தை மறக்க மாட்டான்.

இப்படிப்பட்ட பொய்யர் சபைக்கு வெர்லின் ஸ்டக்கிதான் தலைவர். தேர்தல் வைத்திருந்தால் எதிர்த்து நிற்க ஆள் வந்திருக்காது. பள்ளிக்கூடத்துப் பஸ்களைப் பழுது பார்க்கிற வேலை. எஞ்சின் இருமுகிற சத்தத்தை வைத்தே எந்த பஸ், எந்த டிரைவர், அவர் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்பது வரை சொல்லிவிடுவார். மற்ற விஷயத்தில் நாணயமான மனுஷர். கீழே கிடந்த பர்ஸை எடுத்தால் உரியவர் வீடு தேடிப் போய்க் கொடுப்பார். காளான் விஷயத்தில் மட்டும், பெற்ற தாய் கேட்டிருந்தாலும் பொய்தான் கிடைத்திருக்கும்.

அவருடைய வித்தை இதுதான். ஊருக்கு மேற்கே ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரி இருக்கிறது. வசந்தத்தில் காட்டுத் தரையில் முளைக்கிற மேஆப்பிள் செடிகள் அங்கே குட்டிக்குட்டிக் குடையாக விரிந்ததும் வெர்லின் தன் வண்டியைக் கொண்டுபோய், ரோட்டில் போகிற நாய்க்கும் தெரிகிற மாதிரி குவாரி வாசலில் நிறுத்துவார். காளான் அள்ளுகிற வெங்காயச் சாக்கை வீசிக்கொண்டு உள்ளே நுழைவார். நுழைந்து, குவாரியைக் குறுக்கே கடந்து, பின்னால் மேட்டில் ஏறி, ஓடையில் இறங்கி, முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, அந்தப்பக்கத்துச் சரிவுக்குப் போவார். நிஜமான இடம் அந்தச் சரிவு. திரும்பும்போதும் அதே சுற்று. இருபது வருஷமாக இதே கூத்து.

ஆரம்பத்தில் ஊரே குவாரிக்குள் புகுந்து இலையைப் புரட்டியது. ஒன்றும் கிடைக்கவில்லை. "அந்த ஆளு போன எடத்துல என்னத்த மிச்சம் வச்சிருப்பான், வேரக்கூட நக்கிட்டுப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் கைவிட்டார்கள்.

மனைவி லவோனிடமும் வெர்லின் குவாரி என்றுதான் சொல்லி வைத்திருந்தார். லவோன் மேல் சந்தேகம் இல்லை. லவோனின் அக்கா இர்மா மேல்தான் சந்தேகம். லவோனுக்குத் தெரிந்தது சாயங்காலத்துக்குள் இர்மாவுக்குத் தெரியும். இர்மாவுக்குத் தெரிந்தது, கனடா எல்லை வரைக்கும் தெரியும்.

போன குளிர்காலத்தில் லவோனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது வாயின் ருசியையும் மூக்கின் மணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. காப்பி வெறும் வெந்நீர் ஆனது. பன்றி இறைச்சி வறுவல் பெல்ட்டு வாரைக் கடிப்பது போல இருந்தது. தானாகத் திரும்பும், பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். பொறுத்திருந்தார்கள். பனி உருகியது, ருசி வரவில்லை. உடம்பு இளைத்து, கல்யாண மோதிரம் பாத்திரம் கழுவும்போது நழுவி விழ ஆரம்பித்தது. ஊருக்கே சமைத்துப் போட்ட பெண், தட்டின் முன்னால் உட்கார்ந்து கடன் கழிக்கிற மாதிரி மென்று விழுங்கினாள்.

ஒருநாள் ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "காளான் வரட்டும் வெர்லின். அதுலயும் எனக்கு ஒண்ணும் தெரியலன்னா, போனது போனதுதான். அப்புறம் நான் எதிர்பாத்துட்டு இருக்க மாட்டேன்."

வெர்லின், ஒரு சட்டி நிறையக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அதில் மட்டும் பொய் இல்லை.

அந்த வருஷம் சகுனமெல்லாம் அருமையாக இருந்தது. வெதுவெதுப்பான மழை பெய்தது. ஓக் மரத்து இலை அணில் காது அளவுக்கு வந்தது. வெர்லின் வேலை முடிந்ததும் வழக்கம்போல வண்டியைக் குவாரியில் நிறுத்தி, மேடு ஏறி, ஓடை தாண்டிச் சரிவுக்குப் போனார். ஒன்றுகூட இல்லை.

சீக்கிரம் வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று திரும்பினார். மறுநாள் போனார், இல்லை. அதற்கு மறுநாள் முட்டி போட்டு, மூக்கால் இலையைத் தள்ளித் தேடினார். காளான் என்று பாய்ந்து எடுத்தது அணில் கடித்துப் போட்ட சோளக்கதிர். அடுத்தது பைன் காய். ஒருமுறை ஒரு பழைய கோல்ஃப் பந்து. பக்கத்து ஜில்லா வரைக்கும் அங்கே மைதானமே கிடையாது, அந்தப் பந்து வெர்லினை வெறுப்பேற்றுவதற்கென்றே வானத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும். கிடைத்த ஒரே உயிருள்ள பொருள் உண்ணிதான். உண்ணிகள் அவரை விருந்துக்கு அழைத்த வீடு மாதிரி குடும்பத்தோடு வந்து ஏறின.

காரணம் அவருக்கே தெரியும். மரம் செத்த புதிதில்தான் காளான் கொட்டும். வேர் மக்கிப்போனால் நின்றுவிடும். அந்தச் சரிவில் எல்ம் மரங்கள் விழுந்து, பட்டை உதிர்ந்து, பாசி படிந்து கிடந்தன. இருபது வருஷம் பாதுகாத்த ரகசியம் காலி. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மாட்டுக்குப் பழகிய தொழுவம் மாதிரி, கால் தினமும் அங்கேதான் இழுத்துக்கொண்டு போனது.

நடுவில் ஒருநாள் பெட்ரோல் பங்கில் மச்சினன் டுவேன் எதிர்ப்பட்டான். லவோனின் தம்பி. அவன் வண்டியின் பின்னால் வெங்காயச் சாக்கு ஒன்று, கர்ப்பிணி மாதிரிப் புடைத்துக்கொண்டு இருந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டுவேன் நல்ல மனசோடுதான் கேட்டான்: "மச்சான், அக்காவுக்கு ரெண்டு கை அள்ளிக் குடுக்கவா? உங்களுக்கு இந்த வருஷம் எப்படி?"

அந்த இடத்தில் குடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று ராத்திரியே கதை முடிந்திருக்கும். ஆனால் இருபது வருஷமாக ஒரே பக்கம் திரும்பிப் பழகிய நாக்கு, சொந்தக்காரரைக் கேட்காமலே திரும்பியது.

"உன்னோடதா? எங்க வீட்டுல பாத்திரமெல்லாம் ரொம்பி, குளிக்கிற தொட்டியில போட்டு வச்சிருக்கோம்டா. ரெண்டு நாளா குளிக்கவே இல்ல."

"மணத்துலயே தெரியுது" என்றான் டுவேன். நின்றவர்கள் சிரித்தார்கள். சாக்கைத் தூக்கி முன்சீட்டில் வைத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

வெர்லின் வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். ஹாரன் அடித்தது. எல்லாரும் கை ஆட்டினார்கள்; அவரும் பதிலுக்குக் கை ஆட்ட வேண்டியதாயிற்று.

வெயில் ஏறிக்கொண்டே வந்தது. மேஆப்பிள் குடைக்குக் கீழே பூ விட்டுவிட்டது. காட்டில் புல்லும் முள்ளும் முழங்கால் உயரம் வந்துவிட்டன. இன்னும் நாலைந்து நாள், அதற்குப் பிறகு காளானைத் தேடுவது ஜூலையில் பனியைத் தேடுவது. தினமும் வெர்லின் வெறும் சாக்கோடு வரும்போது லவோன் கதவைத் திறந்து, கையைப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்து, "சரி, வா, சாப்பிடு" என்பாள். அவள் திட்டியிருந்தால் வெர்லின் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

சனிக்கிழமை காலையில், பஸ் வேலை இருக்கிறது என்று லவோனிடம் சொல்லி, தன் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு பஸ் டிரைவரின் வண்டியில் தொற்றிக்கொண்டு, இந்தமுறை சரிவின் அடிப்பக்கமாக ஏறிப் பார்த்தார். நாள் முழுக்கத் தேடினார். ஓடையில் வழுக்கி இடுப்பு வரை நனைந்ததுதான் மிச்சம். செத்த மரங்களைப் பார்த்து, வாயில் வந்ததையெல்லாம் சத்தமாகச் சொன்னார். பாதிரியார் கேட்டிருந்தால் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்திருப்பார். பிறகு ஒரு கட்டை மேல் உட்கார்ந்து, லவோனிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். அத்தனை பொய் தெரிந்த மனுஷருக்கு ஒரு பொய்யும் வரவில்லை.

இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்தார். வாசலில் லவோனின் பூட்ஸ் சேறும் சகதியுமாகக் கிடந்தது. சமையலறைத் தொட்டியில், பூச்சி போவதற்காக உப்புத் தண்ணீர். அதில் காளான். பெரிதும் சிறிதுமாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, சந்தைக் கூட்டம் மாதிரி மிதந்தன.

"எங்கேருந்து?" என்றார் வெர்லின்.

"வேற எங்கேருந்து? உன் எடத்துலேருந்துதான். குவாரி." லவோன் உப்பு பிஸ்கட்டைப் பொடித்துக்கொண்டே சொன்னாள். "தெனமும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வரியே, ஒருதடவ நாமளும் போய்ப் பாப்போம்னு போனேன். வெர்லின், உனக்குக் கண்ணு தெரியுதா தெரியலையா? உள்ள நொழஞ்சதுமே வலது பக்கம், பட்டுப்போன எல்ம் மரம் அஞ்சாறு நிக்குது. அதுக்கடியில சர்ச்சுக்கு வந்த கூட்டம் மாதிரி நிக்குதுங்க. மிதிக்காம நடக்க முடியல."

குவாரியை வெர்லின் ஒரு வசந்தம் விடாமல் கடந்திருக்கிறார். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. இல்லாத இடத்தில் எதற்குப் பார்ப்பது? அவர் மேட்டைப் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்த அந்த வருஷங்களில் குவாரி மரங்கள் ஒவ்வொன்றாகச் செத்திருக்கின்றன. ஊர்க்காரன் எவனும் உள்ளே வரவில்லை, வெர்லின் துடைத்து எடுத்திருப்பார் என்று. சம்பளம் இல்லாத காவல்காரனாக வாசலில் வண்டியை நிறுத்தி, தன்னிடமிருந்தே அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

"இத்தன நாளு அங்கதான போன? எப்படி விட்ட?" என்றாள் லவோன்.

இரண்டு வழிதான் இருந்தது. இத்தனை வருஷம் கட்டின பெண்டாட்டியிடம் பொய் சொன்னேன் என்பது ஒன்று. குருடன் என்பது இன்னொன்று.

"கண்ணு கொஞ்சம் மங்கித்தான் போச்சு" என்றார் வெர்லின்.

"திங்கக்கெழம டாக்டர்கிட்டப் போறோம். இந்தக் கண்ண வச்சுக்கிட்டா பஸ்ஸுக்கு பிரேக் மாட்டுற?"

வெண்ணெய் உருகியது. லவோன் காளான்களை நீளவாக்கில் பிளந்து, முட்டையில் தோய்த்து, பிஸ்கட் தூளில் புரட்டிப் போட்டாள். வீடு முழுக்க மணம். அந்த மணம் அவளுக்குத் தெரிகிறதா என்று வெர்லின் அவள் மூக்கையே பார்த்தார். மூக்கு ஒன்றும் சொல்லவில்லை.

உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். முகம் மாறவில்லை. வெர்லினுக்கு நனைந்த கால்சட்டையின் குளிர் அப்போதுதான் எலும்பில் ஏறியது. இரண்டாவதை எடுத்தாள். பாதியில் தாடை நின்றது. கண்ணை மூடினாள்.

"மண்ணு" என்றாள் மெதுவாக. "மழ பேஞ்ச மண்ணு மாதிரி வருது வெர்லின். கொஞ்சூண்டு. தூரத்துல."

மூன்றாவதை எடுத்தாள், நாலாவதை எடுத்தாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்க, வாய் மட்டும் நிற்காமல் மென்றது. தானும் அழலாமா என்று வெர்லின் முடிவு பண்ணுவதற்குள் அவள் எழுந்து போனை எடுத்துவிட்டாள்.

"இர்மாக்கா? எனக்கு ருசி வந்துடுச்சு... ஆமாக்கா, காளான்... குவாரியிலதான், உள்ள போனதும் வலது பக்கம். இன்னும் நெறைய விட்டுட்டு வந்திருக்கேன். டுவேனையும் கூட்டிட்டுப் போ. ஐயோ, அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

வெர்லின் இரண்டு கையையும் ஆட்டினார், தலையை ஆட்டினார், வாயைத் திறந்து மூடினார். லவோன் அவரைப் பார்த்து, பொறு, அக்கா அழுகிறாள் என்று சைகை காட்டினாள்.

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டில் ஒன்றே ஒன்று மீதி இருந்தது. அதை எடுத்து வாயில் போட்டார். வெறும் பிஸ்கட் தூள் மாதிரி இருந்தது.