நேரில் போய்ப் பார்த்த முகம்

காலை ஏழு மணிக்குத் தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் மினிபஸ் ஏறினேன். யாழ்ப்பாண நகருக்கு இருபத்தைந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். அச்சுவேலி, நீர்வேலி, கோப்பாய் என்று நின்று நின்று போகும் வண்டி. இருக்கை கிடைக்கவில்லை. எனக்கிருந்த கோபத்துக்கு நின்றுகொண்டு போவதுதான் வசதி.

கோபத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கடல்நீரேரிகளைப் பற்றிப் பட்டமேற்படிப்புப் படிக்கக் கனடாப் பல்கலைக்கழகம் ஒன்று முழுப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. ஒருவர் மூன்று முறைதான் விண்ணப்பிக்கலாம். இரண்டு முறை இணையவழி நேர்முகம் வரைக்கும் போனேன். இரண்டு முறையும் என் கமராவை அணைக்கச் சொல்லி, தங்களுடையதையும் அணைத்து வைத்திருந்தார்கள். கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது, நான் பதில் சொன்னேன், சில கிழமைகளில் ‘வருந்துகிறோம்’ என்று வந்தது. ஏன் என்று மின்னஞ்சல் போட்டால், தொடர்புகொண்டதற்கு நன்றி என்று இயந்திரம் பதில் போட்டது. இனி மிச்சம் ஒரே ஒரு முறை.

அந்தப் பல்கலைக்கழகமும் வேறு சிலவும் யாழ்ப்பாணத்து விடுதி ஒன்றில் பட்டமேற்படிப்புக் கண்காட்சி வைக்கின்றன என்று கேள்விப்பட்டேன். ‘வீட்டிலிருந்தபடியே இணையத்திலும் கலந்துகொள்ளலாம்’ என்றது விளம்பரம். இணையத்தில் கலந்து கிழித்தது போதும் என்று கிளம்பிவிட்டேன்.

இருக்கையிலிருந்த அம்மா ஒருவர் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “எங்கை பிள்ளை, இன்ரவியூவோ?”

“இல்லையம்மா. கனடாவிலை படிக்கிறதைப் பற்றி விசாரிக்க.”

“அங்கை ஆக்கள் இருக்கினமோ?”

“ஓம், அண்ணை இருக்கிறார்.”

“பிறகென்ன யோசினை,” என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். ஆமென்று சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி.

எட்டரை மணிக்கு விடுதி வாசலில் சித்தப்பா காத்து நின்றார். கொக்குவில்காரர், வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். வெள்ளைச் சேட்டு மடிப்புக் குலையாமல் இருந்தது. “பொம்பிளைப் பிள்ளை தனியப் போய் நிண்டால் மதிக்கமாட்டினம். நீ பேசாமல் இரு, நான் கதைக்கிறன்,” என்றார்.

அனுமதி இலவசம். உள்ளே கோப்பி மட்டும் முந்நூறு ரூபாய். மேசைகளில் பாதி முகவர்களுடையவை; எந்தப் பாடம் என்று கேட்காமலே ‘எல்லாம் நாங்கள் பாப்பம்’ என்று படிவத்தையும் பேனையையும் நீட்டினார்கள். என்ன பாடம் என்றே தெரியாதவர் எதைப் பார்க்கப் போகிறார் என்று எரிச்சல் வந்தது.

நாங்கள் தேடிப்போன மேசையில், முடியைக் கட்டையாக வெட்டிய வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இருந்தார். என்னைப் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். சித்தப்பா தன் வங்கி ஆங்கிலத்தில் குறுக்கே புகுந்தார். தமையன் ரொறன்ரோவில், தன் பிள்ளைகள் இரண்டு பேரும் ஸ்காபறோவில், பெரியம்மாவின் மகள் மொன்றியலில், இவளுக்கு ஓர் அறைகூட ஆயத்தமாக இருக்கிறது என்று அடுக்கினார். அறை என்றதும் அந்தப் பெண்ணின் கை நின்றது. பேனையை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். சாமான் முடிந்துவிட்டது என்று சொல்லுமுன் கடைக்காரர் சிரிக்கிற சிரிப்பு அது.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இரண்டு நேர்முகத்திலும் இதே பட்டியலைத்தான் நான் முதலில் ஒப்புவித்தேன். சித்தப்பாதான் பாடமாக்க வைத்தார். அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு முறையும் ஒரு பேனை மூடப்பட்டிருக்கிறது, நான் அது தெரியாமல் இன்னும் அரைமணி நேரம் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“சித்தப்பா, வெளியிலை போய் ஒரு கோப்பி குடியுங்கோ.”

“நான் இன்னும் மாமாவைப் பற்றிச் சொல்லேல்லையே.”

“அதாலைதான் போகச் சொல்லுறன்.”

அவர் போனதும், பேனையை ஏன் மூடினீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் நேரே கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “இது படித்து முடித்து ஊர் திரும்புகிறவர்களுக்கான புலமைப்பரிசில். நீங்களோ அங்கே தங்குவதற்கு எல்லாம் தயார் என்கிறீர்கள்.”

“நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. உங்களுக்குப் பாரமாக இருக்க மாட்டேன் என்றுதான் சொன்னோம்.” வாடகைக்கு வீடு கேட்டாலும், கல்யாணம் பேசினாலும் எங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம். எங்களுக்கு அது பிணை. இவர்களுக்கு அது சந்தேகம். “இதை ஏன் எனக்கு அறிவிக்கவில்லை?”

“காரணம் சொல்லும் வழக்கம் இல்லை.”

“கமராவை ஏன் அணைத்தீர்கள்?”

“முகம் பார்த்துப் பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக.”

“என் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டாம், சரி. உங்கள் முகம் எனக்குத் தெரிந்திருந்தால் முதல் முறையே விளங்கியிருக்கும்.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் பேனையைத் திறந்தார். “இப்போது சொல்லுங்கள். படித்து முடித்து என்ன செய்வீர்கள்?”

சொன்னேன். எங்கள் பாலத்தடியில் கடல்நீரைத் தடுக்கும் கதவுகளை எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்பதில் மீன்பிடிகாரருக்கும் வயல்செய்யும் கமக்காரருக்கும் நடக்கிற இழுபறி, உப்பேறும் கிணறுகள், எவரும் ஒழுங்காக அளந்து பார்க்காத தண்ணீர். அவர் எழுதினார், இடைமறித்துக் கேட்டார், திரும்ப எழுதினார். இதே விடயத்தில் வேலைசெய்யும் பேராசிரியர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருக்கு நேரே எழுதச் சொன்னார். எந்த இணையத்தளமும் எனக்கு அந்தப் பெயரைக் காட்டியிருக்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது, நான் அசையவில்லை.

கடைசியாகக் கேட்டார்: “அண்ணன் அங்கே இருக்கும்போது நீங்கள் ஏன் திரும்பி வருவீர்கள்?”

“அவர் அகதியாகப் போனவர். வழக்கு இன்னும் முடியவில்லை. அம்மாவின் செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தார். அவரால் திரும்பி வர முடியாது. என்னால் முடியும்.”

அவர் அதையும் குறித்துக்கொண்டார். “விண்ணப்பத்தில் இதையே எழுதுங்கள்,” என்றார்.

நான் திரும்பி வருவேன் என்பதற்கு அண்ணன் வர முடியாததுதான் அத்தாட்சி. அதை எழுதச் சொன்னதற்காக அந்தப் பெண்ணை வெறுத்தேன். சொன்னதற்காக நன்றியும் சொல்லிவிட்டு எழும்பினேன்.

படியில் சித்தப்பா ஆறிப்போன கோப்பியோடு இருந்தார். “பிழையாக் கதைச்சுப்போட்டனோ, பிள்ளை?” என்று கேட்டார். “உங்கடை பிழையில்லை, சித்தப்பா,” என்றேன். அவர் நம்பவில்லை.

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்படி ஒரு கண்காட்சியை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று நினைத்திருந்தால், தயவுசெய்து வண்டி ஏறுங்கள். பளபளப்பான விளம்பரப் புத்தகங்களை விட்டுவிட்டு எதிரிலிருப்பவரின் கையைப் பாருங்கள். சொந்தக்காரரைக் கூட்டிப்போக வேண்டாம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர, ரொறன்ரோவில் அப்போதுதான் விடிந்திருந்தது. அண்ணை அழைத்தார்.

“என்னைப் பற்றிக் கேட்டவையோ?”

“கேட்டவை. நீங்கள் திரும்பி வர ஏலாது எண்டு சொன்னன். அதை எழுதித் தரட்டாம்.”



“எழுது,” என்றார். “நல்ல இங்கிலீசிலை எழுது.”